சின்னப் பெட்டிக்கு உபயம்

பேர் இல்லை. பட்டுத்துணி சரிந்து விழுந்ததும் கைதட்டினார்கள், நாயனக்காரர் ஒரு துண்டு வாசித்து நிறுத்திக்கொண்டார், பெட்டியின் பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது, பேர் இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன். திருப்பி வைத்துவிட்டார்களோ, எழுத்து அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ என்று பூட்டைத் தேடினேன். பூட்டு இந்தப் பக்கம்தான். நேற்று சாயந்திரம் பெயிண்டர் குத்தவைத்து உட்கார்ந்து பூட்டுக்குக் கீழேதான் நீலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். உபயம் என்று பெரிதாக, செல்வி என்று சின்னதாக, அப்புறம் என் பெண்ணின் பேர், அதற்குக் கீழே முதல் பிறந்தநாளை முன்னிட்டு. அந்த இடத்தில் இப்போது மண்டபத்து டியூப் லைட் மட்டும் கோடாக மின்னுகிறது. மூச்சு விடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விட்டேன். மடியில் குழந்தை என் தாலிக்கொடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை, கூட்டத்தில் எல்லோருக்கும் இருக்கிற வெதுவெதுப்புத்தான். இருந்தாலும் கைப்பைக்குள் விரலை விட்டு தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அது மூன்றடி ஐஸ் பெட்டி. குழந்தைகளுக்கானது. இறந்துபோன குழந்தைகளை, வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை வைத்திருப்பதற்கு. நேற்றிலிருந்து ஒரு தடவைகூட மனசுக்குள் இதை முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை, பாதியில் நிறுத்தி நிறுத்தி வைத்திருந்தேன், இப்போது பேர் இல்லை என்றதும் சொல்ல முடிகிறது. நல்ல பெட்டிதான். யாருக்கோ உதவும். யாருக்கோ என்று நினைக்கும்போதே குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

மேடையில் மாமா உட்கார்ந்திருக்கிறார், என் மாமனார், கொப்பரைக் களம் சென்னியப்பன் என்றால் உடுமலையில் தெரியாதவர்கள் இல்லை. நகர நலக் கூட்டமைப்பு வருஷா வருஷம் நடத்துகிற சான்றோர் பாராட்டு விழா, இந்த வருஷம் மாமாவும், மரம் நட்டே பென்ஷனைத் தீர்க்கிற ஒரு ரிடையர்டு கண்டக்டரும், ஆஸ்பத்திரி வாசலில் காலைக் கஞ்சி ஊற்றுகிற ஒரு அம்மாளும். மூன்று பேருக்கும் மூன்று சிம்மாசன நாற்காலி, கல்யாண ரிசப்ஷனுக்கு வாடகைக்கு விடுவது, சிவப்பு வெல்வெட். மாமாவுக்கு அதில் சாய்ந்து உட்காரத் தெரியவில்லை, களத்தில் முக்காலியில் உட்காருகிற மாதிரி முன்னால் ஒட்டிக்கொண்டு இருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, நானும் நினைக்கவில்லை, அதுதான் நேற்றெல்லாம் என்னைக் கொன்றது. எங்கள் வீட்டு ஷெட்டில் நாலு பெரிய பெட்டிகளும் ஒரு வெள்ளை வேனும் இருக்கின்றன. வேனில் அமரர் ஊர்தி, இலவச சேவை என்று எழுதி மாமாவின் போன் நம்பர். எந்த நேரத்திலும் போன் அடிக்கும். அடித்தால் மாமா சாப்பிடுகிற கையோடு எழுந்திருப்பார். சொல்லுங்க சாமி, யாருங்க, எந்த வீதிங்க, கரண்டு இருக்குதுங்களா, கீழ்த் தளமா மாடியா. அவ்வளவுதான் கேட்பார். கல்யாணமாகி வந்த புதிதில் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே அந்த வேன் நிற்பதைப் பார்த்துவிட்டு கோயமுத்தூருக்கு அம்மாவிடம் போன் பண்ணி அழுதேன். அம்மா, புண்ணியம் பண்ற வீடுடி, ஜன்னலுக்குத் திரை போட்டுக்கோ என்றாள். போட்டுக்கொண்டேன். பழகிவிட்டது. குழந்தை பிறக்கும்வரை பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் மாமா வேனோடு போய்விட்டு வந்து, தலைக்குக் குளித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல் இருந்தார். அத்தை, என் மாமியார், என்னுங்க என்று கேட்டதற்கு, ரெண்டு வயசுப் பையன், நம்ம பொட்டி ஆறரை அடி, ஒரு மூலைல கெடக்கறான் ருக்கு, மிச்சமெல்லாம் காலி, பெத்தவ அந்தக் காலி எடத்தையே பாத்துட்டிருக்கறா என்றார். இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கே சின்னப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அந்தத் தாய் பார்த்த காலி இடத்தை மாமா பார்த்தார். எத்தனை பேருக்கு அது கண்ணில் படும்.

ஆனால் பேர். இந்தக் குடும்பத்தில் எதைக் கொடுத்தாலும் பேர் எழுதியாக வேண்டும், யார் பேராவது. பெரிய பெட்டிகளில் மாமாவின் அப்பா அம்மா பேர், அது சரி, அவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்துக் காற்றாடியின் மூன்று இறக்கையிலும் மாஸ்டர் ஜெகதீஷ் என்று என் வீட்டுக்காரர் பேர், அவர் பிறந்த வருஷம் கொடுத்தது, இன்னும் சுற்றுகிறதாம், சுற்றும்போது படிக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் அத்தை பேர். அத்தை அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ற பேரு மேல குக்கீட்டு பீடி குடிக்கறானுக, ஒருத்தன் வெத்தல எச்சையும் துப்பி வெச்சுருக்கறான், இதுக்குப் பேரு தருமமா என்று என்னிடம்தான் ஒரு தடவை சொன்னார், மாமாவிடம் சொன்னதில்லை. வீட்டில் புதிதாகப் பிறந்த பேத்தி, முதல் பிறந்தநாள் வருகிற வெள்ளிக்கிழமை, புதிதாக வருகிற பெட்டி, மாமாவுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. ஆசையாகத்தான் சொன்னார். அம்மிணி, என்ற பேத்தி பேருல ஒரு தருமம் ஆரம்பிச்சு வெச்சர்றேன், அவ காலத்துக்கும் நிக்கும். என்ன தருமம் என்று நான் கேட்கவில்லை. குடிதண்ணீர்த் தொட்டியாக இருக்கும் என்று நினைத்து, சரிங்க மாமா என்றேன். சரிங்க மாமா என்று சொன்ன வாய் இது. நேற்றுத்தான் குழந்தைக்கு வேன் காட்டப் போன இடத்தில் பெயிண்டரைப் பார்த்தேன், பேரின் கடைசி எழுத்துக்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தார், குழந்தை அந்த நீலத்தைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தாள். காப்பி குடிக்கிற சாக்கில் வீட்டுக்காரரைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி, ஆனால், நீ கான்வென்ட்ல படிச்சவ, நீயே இப்படிப் பேசலாமா, ஒரு பேரெழுதினா என்ன ஆயிரும் என்றார். ஒன்றும் ஆகாது. எனக்கும் தெரியும். ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்டே எப்படிச் சொல்வது, அந்தப் பேர் எழுதிய பெட்டிக்குள் வேறு ஒரு குழந்தை படுத்திருக்கும்போது அதன் தாய் என் பெண்ணின் பேரைத்தானே படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று. அந்தப் பேரை அவள் எப்படி மறப்பாள். ஊரில் ஒவ்வொரு சின்னச் சாவிலும் என் பெண்ணின் பேர் வாசலில் கிடக்கும். இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை, அப்பாகிட்ட நீங்களாவது சொல்லுங்களேன் என்றுதான் வந்தது. விழா நாளைக்கு, கார்டு அடிச்சாச்சு, மனசு சங்கடப்படுவாரு மிருது என்றார். பேச்சுப்போட்டியில் மூன்று வருஷம் கோப்பை வாங்கியவள் நான், சிஸ்டர் இமெல்டா பின் வரிசையில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை என்று கத்துவார், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி நேர்மை, உழைப்பு, மாணவர் கடமை என்று பேசியிருக்கிறேன். பின்கட்டில் என் குரல் காப்பி டம்ளரைத் தாண்டவில்லை.

புரட்டாசியில் அவளுக்கு வந்த வலிப்பை நான் யாரிடமும் மறுபடி பேசுவதில்லை. காய்ச்சல் ஏறினால் சில குழந்தைகளுக்கு வரும், அஞ்சு வயசுக்குள்ள நின்னுரும், பயப்படாதீங்க என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். கண் மேலே செருகியது, கை ஒன்று மட்டும் தட்டித் தட்டி ஆடியது, வாயோரம் நுரை, நான் அவள் பேரைத்தான் கூப்பிட்டேன், திரும்பத் திரும்ப, அவள் அந்தப் பேருக்கு வரவில்லை, எங்கேயோ இருந்தாள், அப்புறம் வந்தாள். பேர் சொல்லித்தான் திரும்பி வந்தாள் என்று எனக்குள் ஒரு மூலையில் இருக்கிறது. படித்தவள் சொல்லக்கூடாத மூலை. மறுநாள் அத்தை அவள் மணிக்கட்டில் வசம்பைக் கோர்த்துக் கட்டினார். அத்தை அதை வசம்பு என்று சொல்லமாட்டார். பேர் சொல்லாதது என்பார். செல்ஃப்ல பேரு சொல்லாதது இருக்கும், எடு அம்மிணி. முதல் தடவை எனக்குப் புரியாமல் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தேன். ஏனத்தை பேரைச் சொன்னா என்ன என்றேன். கொழந்தை இருக்கற வீட்ல சொல்லக்கூடாது, அவ்வளவுதான், உனக்கு எல்லாத்துக்கும் விளக்கம் வேணும் என்றார். சிஸ்டர் இமெல்டா இருந்தால் சிரித்திருப்பார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன்.

பொன்னாடை தொடங்கிவிட்டது. அரிசி மண்டி சங்கம், பேரூர் நண்பர்கள் குழு, கொப்பரை வியாபாரிகள், வரிசையில் வந்து ஆளுக்கொன்று போர்த்திப் போட்டோவுக்குத் திரும்பி நிற்கிறார்கள், போர்த்தியதை ஒரு ஆள் பின்னாலிருந்து உருவி மடித்து நாற்காலிக்குக் கீழே வைக்கிறார், இந்தச் சால்வைகள் வீட்டு பீரோவுக்குப் போய், அங்கேயிருந்து அடுத்த விழாவுக்கு வேறு தோளுக்குப் போகும். போன தை மாதம் மாமா ஒருத்தருக்குப் போர்த்திய சால்வை இன்றைக்கு அவருக்கே திரும்பி வந்ததைப் பார்த்தேன், ஓரத்தில் மஞ்சள் நூல் பிரிந்திருக்கும், அதே நூல். சிரிப்பு வந்தது. எவ்வளவு நேரம் கழித்துச் சிரிக்கிறேன். பின் வரிசையில் ரெண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். இவரு பொட்டி மட்டும் இல்லீனா எங்க மாமியாள ஐஸ் கட்டில தான் வெச்சிருக்கோணும். மருமகன் மலேசியாவுலிருந்து வாரவரைக்கும் மூணு நாளு, ஒரு வாடை இல்லீங்க, மொகம் அப்பிடியே, இருந்தப்ப கூட அத்தனை தெளிச்சியா இருந்ததில்ல. உங்க மாமியாளுக்கு அதுல படுத்தப்புறந்தான் கோவமே எறங்கியிருக்கும். அட போங்க. இருவரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குகிறார்கள். ஒருத்தி என் தோளைத் தொட்டு, உங்க மாமனாரு நூறு வருசம் இருக்கோணும் கண்ணு என்றாள். பிறகு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, பேரென்ன என்றாள். பாப்பா என்றேன். பாப்பான்னு பேரா? சும்மா பாப்பாதானுங்க. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மேடையில் தொகுப்பாளர், அடுக்குமொழியில் மூச்சு வாங்கிக்கொண்டே, சென்னியப்பன் அய்யாவின் சேவையைப் பெறாத வீடு நம் ஊரில் உண்டா, இதுவரை பெறாதவர்களும் ஒரு நாள் பெறுவீர்கள் என்றார். எங்கிருந்தோ ஒரு பெரியவர், அவசரமில்லீங்க தம்பி என்று சத்தம் போட, மண்டபமே சிரித்தது, மாமாவும் சிரித்தார், தொகுப்பாளர் காதுவரை சிவந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சிரித்துக்கொண்டே மாமா பெட்டியைப் பார்த்தார். அதை நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். துணி விழுந்தபோதே பார்த்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், அதற்குள் முதல் சால்வை வந்து கண்ணை மறைத்துவிட்டது. அவருக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கிறது. யார்? வீட்டுக்காரரைத் தேடினேன், சாப்பாட்டுக் கூடத்துக்கும் மண்டபத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறார், நேற்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் காலையில் போய் அழித்திருப்பாரோ, கல்யாணமான இத்தனை நாளில் முதல் தடவையாக அவர்மேல் தாங்கமுடியாத பிரியம் வந்தது, அவரைக் கண்ணால் கூப்பிட்டேன், வந்து குனிந்தார். பேரு இல்லீங்களே என்றேன் மெதுவாக. திரும்பிப் பெட்டியைப் பார்த்து, அட ஆமா என்றார், பெயிண்டரு பேசாம ஸ்டிக்கர் ஒட்டறேன்னாரு, கெரகம், காஞ்சிருக்காது போல, துணில ஒட்டிட்டு வந்துருச்சா? பாயசத்துக்கு ஆள் பார்க்கப் போய்விட்டார். இவர் இல்லை. பிரியம் அப்படியே நின்றது, இறக்கி வைக்க இடமில்லாமல். துணியில் ஒட்டியிருக்குமோ என்று பயந்து துணியைப் பார்த்தேன், கீழே சுருண்டு கிடந்தது, சுத்தம். பெயிண்டரும் இல்லை, அவர் கூலி வாங்கிக்கொண்டு நேற்றே போனவர். நானும் இல்லை. காலையில் வெளிச்சம் வந்தவுடன் எழுந்து ஷெட்டு வரைக்கும் போனேன், ஒரு பழைய துணியும் கையில் இருந்தது, பெட்டியைத் தொடத்தான் கை போகவில்லை. எழுத்துப் பக்கம் அந்தப்புறம் இருந்தது, சுற்றிப் போகவில்லை, இந்தப் பக்கத்தில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது, திரும்பி வந்துவிட்டேன். வரும்போது அடுப்படியில் விளக்கு எரிந்தது. அத்தை குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார், சோப்பைப் போட்டுப் போட்டு. இத்தன நேரத்துல துணியும் கையுமா எங்க போன என்றார். சும்மா அத்தை. சும்மா போறவளுக்கு முகமெல்லாம் ஏன் வேத்திருக்குது, போய்ப் படு. அப்புறம் மத்தியானம், பாப்பாவுக்குச் சோறு பிசையக் கூப்பிட்டதற்கு, நீயே ஊட்டு அம்மிணி, என்ற கையி எரியுது, மொளகா நறுக்குனேன் என்றார். இன்றைக்கு மத்தியானம் மோர்க்குழம்பு. மிளகாய் நறுக்கியது நான். தேங்காய் எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு விசிறிக்கு நேரே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது எல்லாம் என் கண் முன்னால் நடந்தது, நான்தான் பெட்டியையே நினைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறேன். பக்கத்தில் பட்டுப்புடவையும் மூக்குத்தியுமாக நேராக உட்கார்ந்திருக்கிற அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். கையைக் கைக்குட்டையால் மூடி மடியில் வைத்திருந்தார். என்னடி பாக்கற, மேடையைப் பாரு. கைக்குட்டைக்கு வெளியே ஒரு விரல், நகத்துக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிய நீலக் கோடு.

நாம் ஒருவரிடம் பயந்துகொண்டே இருக்கும்போது அவரும் அதே இடத்துக்கு அதே விடியலில் போய்வந்திருக்கிறார், எனக்கு முன்னால் போய் வேலையையும் முடித்துவிட்டார், ரெண்டு பேரும் குழாயடியில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு நின்றிருக்கிறோம். அவர் எப்போது பார்த்தார், அவருக்கும் இதே பயம்தானா, கேட்டால் உனக்கு எல்லாத்துக்கும் விளக்கம் வேணும் என்பார். நிம்மதி என்பது இப்படி வரும் என்று தெரியாது, கால் விரலிலிருந்து ஏறுகிறது, குழந்தையின் பாரம் மடியில் இப்போதுதான் தெரிகிறது, நல்ல பாரம், காலையிலிருந்து அவளை நான் தூக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன். அப்போதுதான் தொகுப்பாளர் சொன்னார், நிறைவாக அய்யா அவர்களின் ஏற்புரை. போச்சு. எழுத்து போனால் என்ன, அவர் வாயிருக்கிறதே. மைக் இருக்கிறது, மண்டபம் நிறைய ஆள், கேபிள் டிவிக்காரர் இருக்கிறார், பேத்தி பேரில் இதைக் கொடுக்கிறேன் என்று ஒரு வாக்கியம், பெயிண்டாவது தின்னரில் போகும், சொன்னதை எதில் துடைப்பது. நாளைக்கு ஊரே சொல்லும், அந்தப் பெட்டியை அந்தப் பேராலேயே கூப்பிடுவார்கள், பெரிய பெட்டி ஒன்றை இப்போதே தாத்தா பொட்டி என்றுதானே சொல்கிறார்கள், போன் பண்ணி, அண்ணா, உங்க பேத்தி பொட்டி வேணுமுங்க என்பார்கள். குழந்தையின் காதைக் கையால் பொத்தினேன். எழுந்து வெளியே போய்விடலாமா, எழுந்து மேடைக்கே போய் வேண்டாம் மாமா என்று சொல்லிவிடலாமா, சொல்லு, எனக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை. மாமா மைக்கைப் பிடித்துத் தட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குப் பேச வராதுங்க, போன்ல கேக்கறதுதான் தெரியும், எந்த வீதிங்க, கரண்டு இருக்குதுங்களான்னு. சிரிப்பு. இந்தப் பெரிய மனுசங்களுக்கு நடுவுல என்னைய உட்கார வெச்சதுக்கு நன்றி. இந்தச் சின்னப் பொட்டி, இதைப் புதுசா வாங்கியிருக்கறமுங்க, இதை வந்து என்ற பேத்தி.

எழுந்தேன். நிஜமாகவே எழுந்துவிட்டேன், வாயையும் திறந்தேன், மாமா என்று ஏதோ வந்தது, கடைசி பெஞ்சுக்கு இல்லை, முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் எழுந்த வேகத்தில் குழந்தை வீறிட்டாள். அதுதான் கேட்டது. அத்தை எழுந்து, தா இங்க என்று என் கையிலிருந்து அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே போகவில்லை, மேடைக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு முதுகைத் தட்டினார். நீல நகம் இருந்த கையால்தான் தட்டினார், மேலே பார்த்துக்கொண்டே, கண்ணை எடுக்காமல். மாமா கீழே பார்த்தார். அத்தையைப் பார்த்தார், அத்தையின் கையைப் பார்த்தார், தோளில் அழுகிற தலையைப் பார்த்தார், பிறகு பெட்டியின் வெள்ளைப் பக்கத்தை. அப்புறம் நின்றுகொண்டிருந்த என்னை. கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் அன்றைக்கு இலையை மடித்தபோது இருந்தது வந்தது. மைக் வெறுமனே இரைந்தது. யாரோ பின்னால், அய்யாவுக்குத் தண்ணி குடுங்கப்பா என்றார்கள். வேண்டாமுங்க என்றார் மாமா. இதைப் பாத்தப்புறந்தான் நெனப்பு வருது, இதுல யாரு பேரும் எழுதலீங்க. எழுதக்கூடாது. எங்க வீட்ல எல்லாத்துக்கும் பேரெழுதிப் பழக்கம், இதுக்கு வேண்டாம். மத்த பொட்டியெல்லாம் வாங்கறப்ப நல்லா ஓடோணும், பத்து வருசம் வேலை செய்யோணும்னுதான் வேண்டிக்கிட்டேன். இது வேலையே செய்யாம, என்ற ஷெட்டுல கெடந்து, துருப் புடிச்சு வீணாப் போகோணும். நீங்களும் அப்பிடியே வேண்டிக்குங்க. வணக்கமுங்க. உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை சிம்மாசனத்தில் முழுசாகச் சாய்ந்து. கைதட்டுவதா வேண்டாமா என்று மண்டபத்துக்குத் தெரியவில்லை. பின் வரிசைக்காரி மெல்ல, மகராசன் என்றாள். கஞ்சி ஊற்றுகிற அம்மாள் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன், அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை, பசி வந்தது, நேற்று மத்தியானத்துக்கு அப்புறம் நான் ஒன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கினேன். இதென்ன, மிருதுவுக்குத் திடீர்னு இனிப்பு எறங்குது என்றார் வீட்டுக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியவேண்டாம் என்று இருந்தது, பாவம், ஓடி ஓடி வியர்த்துப்போயிருந்தார், அவர் இலையில் என் அப்பளத்தை வைத்தேன்.

காரில் வரும்போது வீட்டுக்காரர் ஓட்டினார், மாமா முன்னால், மடியில் கேடயம், பின்னால் எனக்கும் அத்தைக்கும் நடுவில் சால்வை மூட்டை, அதன்மேல் தலை வைத்துக் குழந்தை தூங்கிவிட்டாள். ஜரிகை கன்னத்தில் குத்துமே என்று என் முந்தானையை நுழைத்தேன். மஞ்சள் நூல் பிரிந்த சால்வை மேலேயே இருந்தது. குட்டைத்திடல் தாண்டியதும் அத்தை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, ஏனுங்க என்றார். ம்? ஷெட்டுல தின்னர் டப்பாவைத் தொறந்தா செரியா மூடி வெக்கமாட்டீங்களா, பாதிக்கு மேல ஆவியாப் போயிருச்சு. மிச்சத்தை வெச்சுச் சொரண்டிச் சொரண்டி என்ற கையே போச்சு. வீட்டுக்காரர், எதைச் சொரண்டினீங்கம்மா என்றார். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. மாமா கொஞ்ச நேரம் கேடயத்தின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு, இனி மூடி வெக்கறேன் ருக்கு என்றார். அப்புறம், திரும்பாமலேயே, அம்மிணி, பாப்பா தூங்கிருச்சா? தூங்கிட்டாங்க மாமா. அவர் எப்போதும் அவளைப் பேர் சொல்லித்தான் கேட்பார், பேர் வைத்ததே அவர்தான், வாய் நிறையச் சொல்லுவார். இன்றைக்குப் பாப்பா என்றார். இதை எழுதும்போதும் அந்தப் பேரை நான் எங்கேயும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை, எழுதிய ஓர் இடம் போதும், அதையும் ஒரு கை எரிய எரியத் துடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து, வேன் ஜன்னலுக்கு நேரே நிற்க, திரையை இழுத்துவிட்டு, அவளைத் தொட்டிலில் போடுவதற்கு முன்னால் நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை, தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. மணிக்கட்டில் பேர் சொல்லாதது இருந்தது. அவள் காதோடு வாயை வைத்து, பேர் வைத்த அன்றைக்குச் சொன்ன மாதிரியே மூன்று தடவை அவள் பேரைச் சொன்னேன், தூக்கத்திலேயே உம் என்றாள்.